சாலைமடை வரைபடத்தில் இல்லாத வீடு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் நடந்தபோது உதித்தது, பேருந்தில் ஒரு முகத்தைப் பார்த்ததும் பிறந்தது என்றெல்லாம் எழுத்தாளர்கள் முன்னுரையில் சொல்வதுண்டு. எனக்கு ஒன்றும் உதிக்கவில்லை. பாளையங்கோட்டையில் தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்துகிற தாணுமாலையன் என்னை வரவழைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்து, காப்பியும் வாங்கிக் கொடுத்து, "ஒரு வெற்றிக் கதை வேணும்வே" என்றார். கதை பிறந்த விதம் அவ்வளவுதான்.

வெற்றிக் கதை என்பது தொண்டு நிறுவனங்கள் தமிழுக்குக் கொடுத்திருக்கும் புதிய இலக்கிய வகை. விமர்சகர்கள் இன்னும் கவனிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு பெண் அழுவாள், இரண்டாம் பக்கத்தில் அவளே சிரிப்பாள், இடையில் நிறுவனத்தின் ஜீப் வந்து போயிருக்கும். மூலையில் ஒரு புகைப்படம். ஆண்டறிக்கையோடு சேர்த்து அனுப்பிவிட்டால், நிதி கொடுக்கிறவர்கள் வெளிநாட்டுக் குளிரில் உட்கார்ந்து படித்துக் கண்கலங்கி அடுத்த ஆண்டுக்கும் சம்மதம் எழுதுவார்கள்.

"நீரு கதை எழுதுதவரு. உமக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் தாணுமாலையன். "பொம்பளை பேரு அன்னத்தாய். ஊரு சாலைமடை. நம்ம கோமதிசங்கர்கிட்ட கேளும், எல்லாஞ் சொல்லுவான். முடிவு மட்டும் நல்லா இருக்கணும், பாத்துக்கிடும்."

"என்ன முடிவு?" என்று கேட்டேன்.

"அது இன்னும் நடக்கல. நீரு எழுதும், நடத்திருவோம்."

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்த வெற்றிக் கதையைத்தான். இது இரண்டு பக்கத்துக்குள் அடங்காது என்று இப்போதே தெரிகிறது.

2

தொடக்கம் ஒன்று:

"வற்றாத தாமிரபரணி தவழ்ந்தோடும் சாலைமடை கிராமத்தில், அந்த ஆற்றைப் போலவே வற்றாமல் ஓடியது அன்னத்தாயின் கண்ணீரும். அவள்

[வெட்டிவிட்டேன். அன்னத்தாய் அழுது பார்த்ததாகச் சாலைமடையில் ஒருவரும் சொல்லவில்லை.]

தொடக்கம் இரண்டு:

"தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் ஆறு பெருகி ஊருக்குள் வந்த அன்று, வாழைத்தார் சுமக்கும் கூலியாள் சிவசைலம், தோட்டக்காரரின் மோட்டாரைக் கரையேற்றிவிட்டு வருவதாகச் சொல்லி ஆற்றுப் பக்கம் போனான். அவன் மனைவி அன்னத்தாய் வாசலில்

[இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் சிவசைலம் பிழைத்தானா இல்லையா என்று அடுத்த வரியிலேயே கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தை வைத்துத் தொடங்குவது வாசகரை ஏமாற்றுவது. நடுவில் ஏமாற்றலாம், தொடக்கத்தில் கூடாது.]

ஆகவே தெரிந்ததை மட்டும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். சிவசைலம் திரும்பி வரவில்லை. வெள்ளம் வடிந்தபின் ஊருக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் நீலச் சட்டை போட்ட ஒரு பிணம் ஒதுங்கியது, முகம் அடையாளம் தெரியவில்லை, போலீஸே அடக்கம் செய்துவிட்டது என்பது ஒன்று. வள்ளியூர் சந்தையில் வாழைக்காய் மண்டி ஒன்றில் சிவசைலத்தைப் பார்த்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னது இன்னொன்று. ஊர் இரண்டையும் நம்பியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முறை வைத்துக்கூட நம்பியிருக்கலாம்.

அன்னத்தாயின் மாமியார் முப்பிடாதி ஒன்றைத்தான் நம்பினாள். மகன் இருக்கிறான். பிணத்தின் செய்தியைக் கொண்டுவந்த உறவுக்காரனை விளக்குமாற்றோடு தெருமுனை வரை துரத்தியவள் அவள். தினமும் காலையில் மருமகளின் நெற்றியைப் பார்ப்பாள். குங்குமம் இருந்தால் காப்பி குடிப்பாள்.

அன்னத்தாய் எதையும் நம்பினாளா என்று தெரியவில்லை. யார் கேட்டாலும் "வெளியூருக்குப் போயிருக்காவ" என்பாள். எந்த வெளியூர் என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அவர்கள் வீடு கால்வாய்க்கரைத் தெருவின் கடைசியில், பட்டா இல்லாத புறம்போக்கில் இருந்தது. வெள்ளத்தில் ஒரு பக்கச் சுவர் கரைந்துபோனது. ஓலைக் கூரையின் ஓட்டையை உரச்சாக்கு மூடிக்கொண்டிருந்தது.

தொடக்கம் மூன்று என்று ஒன்று வேண்டும் என்றால், அது கோமதிசங்கரிடமிருந்துதான் வர முடியும். அன்னத்தாய் என்னிடம் பேச மறுத்துவிட்டாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவன் பார்த்ததும் சொன்னதும்தான். ஆகவே இனி கதை கோமதிசங்கரின் தோளில் ஏறிக்கொண்டு போகும். பையனுக்கு ஒல்லித் தோள். ஆனாலும் வேறு வழியில்லை.

3

கோமதிசங்கர் டவுனில் ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவன். சைவக் குடும்பம். தாத்தா காலத்தில் ஆற்றுப்பாசனத்தில் நிலம் இருந்ததாம். அப்பா காலத்தில் நிலம் போய்க் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா வேலை வந்தது. மகன் தாவரவியல் படித்துவிட்டு, எந்தத் தாவரமும் வேலை தராததால், தாணுமாலையனிடம் 'கள அலுவலர்' ஆனான். வேலை நிரந்தரமில்லை. சென்னையிலிருந்து வரும் நிதி அதிகாரிகளுக்கு அவன் வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மதுரையில் ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் பெயர் பி.ஆர்.ஏ. விரித்தால் பங்கேற்பு முறையில் ஊரக மதிப்பீடு என்று வரும். விரிக்காமல் விடுவது நல்லது. ஒரு ஊர் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்களைக் கொண்டே கண்டுபிடித்து, பிறகு அவர்களிடமே தெரிவிக்கும் கலை. தரையில் கோலமாவால் ஊர்ப்படம் வரையச் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தீப்பெட்டி, கிணற்றுக்குக் கூழாங்கல், தோப்புக்கு வேப்பிலை. எந்த நோய் அதிகம் என்று அறியப் புளியங்கொட்டை. ரேஷன் கடை பெரிதா பஞ்சாயத்து பெரிதா என்று அறியச் சப்பாத்தி போல வெட்டிய காகித வட்டங்கள். ஊரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே கடப்பதற்குக் 'குறுக்கு நடை' என்று பெயர். நடப்பதற்கே ஒரு பெயர் வைத்த பிறகு சும்மா நடக்க மனம் வருமா?

[பயிற்சி நடந்தது குளிர்சாதன ஓட்டலில். பக்கத்தில் கிராமம் கிடைக்காததால் ஓட்டல் தோட்டக்காரர்களை உட்காரவைத்து ஓட்டலையே வரையச் சொன்னார்களாம். அவர்கள் நீச்சல்குளத்தை வரைந்தார்கள். பயிற்றுநர்கள் அதைப் படியெடுத்து, "குளம் உண்டு, பாசனத்துக்குப் பயன்படவில்லை" என்று எழுதினார்கள். கோமதிசங்கர் இதைச் சிரிக்காமல் சொன்னான்.]

விதிகளும் இருந்தன. தரையில் உட்கார். குச்சியை மக்கள் கையில் கொடு. வாயை மூடு. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் வரைந்ததைத் திருத்தாதே. கோமதிசங்கருக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடித்துப்போனது. சின்ன வயதிலிருந்து எல்லோரும் அவனைத் திருத்திக்கொண்டே இருந்ததால் இருக்கலாம்.

4

வேலை இதுதான். வெள்ளம் வந்து ஒரு வருடம் ஆன பிறகு, அதில் வீடிழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தரப் பணம் வந்திருந்தது. ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு முதலிடம். அந்த வீடுகள் எவை என்பதை அதிகாரிகள் சொல்லக் கூடாது, மக்களே வரைபடத்தில் காட்ட வேண்டும். அதுதான் நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை.

நல்ல நிபந்தனை. எனக்கு அதில் குறையில்லை. குறை வந்தது பேன்சி கடையில்.

கணவன் இருக்கும் வீட்டுக்கு ஒரு நிறம், பெண் தலைமையிலான வீட்டுக்கு ஒரு நிறம். அதற்கு ஒட்டுகிற வட்டம் வேண்டும். அலுவலகத்தில் இருந்தவை பசை காய்ந்து உதிர்ந்தன. உள்ளூரில் கிடைக்கும் பொருளையே பயன்படுத்து என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். கோமதிசங்கர் ரதவீதியில் ஒரு பேன்சி கடைக்குள் நுழைந்து, ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட்டுகள் வாங்கினான். சிவப்பு ஒரு கட்டு. கருப்பு ஒரு கட்டு. சிவப்பு என்றால் கணவன் உண்டு, கருப்பு என்றால் இல்லை. வட்டம் கச்சிதமாக இருந்தது, தீப்பெட்டியில் நன்றாக ஒட்டியது, போட்டோவில் பளிச்சென்று விழும்.

நான் அவனைக் கேட்டேன். "ஏம்ப்பா, உங்கம்மா குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவைக்கிற பொட்டைத் தினமும் பார்க்கிறவன்தானே நீ?"

"பாக்கேன் சார்."

"அது என்னன்னு தோணலையா?"

"அன்னைக்கு அது எனக்குப் பொட்டாத் தெரியல சார். சிம்பலாத் தெரிஞ்சுது."

இதைவிடச் சிறந்த வாக்கியத்தை நான் கற்பனையில் எழுதியிருக்க முடியாது.

5

படம் வரைய இடம், ரைஸ்மில்லின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம். மேடு பள்ளம் இல்லாத தரை ஊரிலேயே அது ஒன்றுதான். பெண்கள் வந்தார்கள். ஆண்கள் சுற்றி நின்றுகொண்டு, தாங்கள் பங்கேற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றிலும் பங்கேற்றார்கள்.

கோமதிசங்கர் தரையில் உட்கார்ந்தான். குச்சியைக் கொடுத்தான். பெண்கள் குச்சியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே கோலமாவை இழுத்தார்கள். ஆறு வந்தது, கால்வாய் வந்தது, தெருக்கள் வந்தன. அம்மன் கோயிலுக்குத் தாமரைப் பூவே போட்டுவிட்டார்கள். அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தீப்பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்தன. சிரிப்பும் சண்டையும், "ஏட்டி, எங்க வீட்டத் தள்ளி வச்சிட்டியே, அங்கன சாக்கடை போகுதுல்லா" என்ற கூச்சலும்.

பிறகு அவன் பொட்டு பாக்கெட்டைப் பிரித்தான்.

சிவப்பு எந்தத் தடையும் இல்லாமல் போனது. ஒவ்வொருத்தியும் தன் தீப்பெட்டியில் தானே ஒட்டினாள். கருப்பை எடுக்க ஒரு கையும் நீளவில்லை. வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் அவன் நீட்டியபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு போயி வருசம் எத்தனையோ ஆச்சு. ஊருக்கே தெரியும். இப்ப நாங் கைப்பட ஒருக்க ஒட்டணுமாக்கும்?"

பாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு கோமதிசங்கர் சுற்றிலும் பார்த்தான். களம் முழுவதும் சிவப்பு. படத்தின்படி சாலைமடையில் ஒரு விதவையும் இல்லை. ஆற்று வெள்ளம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவனுடைய நிரந்தர வேலையும் அதோடு போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பதற்றத்தில் அவன் 'வாயை மூடு' விதியை மீறினான். "அக்கா, கருப்பு ஒட்டுத வீட்டுக்குத்தான் கான்கிரீட் வீடு" என்று சொல்லிவிட்டான்.

[இந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கதையில் கெட்டது எல்லாம் இதற்குப் பிறகுதான்.]

களம் புரண்டது. கருப்புப் பொட்டுக்குக் கைகள் முண்டியடித்தன. ஒருத்தி ஒட்டிய சிவப்பை உரித்து எறிந்துவிட்டுக் கருப்பைப் பிடுங்கினாள். அவள் புருஷன் அங்கேயே, பீடியோடு, நெல்மூட்டையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஏளா, நான் இங்கனதான நிக்கேன்."

"நீரு நின்னு என்ன பிரயோசனம்? இல்லாத கணக்குதான்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். புருஷனும் சிரித்தான், சிரிக்காமல் இருந்தால் மானம் போய்விடும் என்பதால். கோமதிசங்கர் எழுந்து நின்று கையை ஆட்டி, கெஞ்சி, எல்லோரையும் உட்காரவைத்து, வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இல்லாதவர்கள் மட்டும் கருப்பு என்றான். வெள்ளைச் சேலைக்காரியும் கடைசியில் வாங்கி ஒட்டினாள். கான்கிரீட் என்றால் கான்கிரீட்தான். வரிசை நகர்ந்து கால்வாய்க்கரைத் தெருவின் கடைசிக்கு வந்தது.

"அன்னத்தாய்க்கா."

சிரிப்பு நின்றுபோனது. அதுவரை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். முப்பிடாதி களத்தின் விளிம்பில் குந்தியிருந்தாள். அவள் பார்த்தது மருமகளின் முகத்தைக்கூட இல்லை, கையை.

அன்னத்தாய் தன் தீப்பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கோமதிசங்கர் நீட்டிய இரண்டு பாக்கெட்டையும் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கெடையாதா சார்?"

"ரெண்டு நிறந்தான்க்கா கொண்டாந்திருக்கேன்."

"சரி."

அவள் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குனிந்து, கோலமாவில் தன் வீட்டுக்குப் போட்டிருந்த கட்டத்தை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் சிமெண்டு தெரிந்தது.

"எங்க வீட்ட விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

6

மக்கள் வரைந்ததைத் திருத்தாதே. அன்று மாலையே கோமதிசங்கர் படத்தைச் சார்ட் பேப்பரில் படியெடுத்தான். ஆறு, கால்வாய், தாமரைப் பூ, சிவப்பு, கருப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கால்வாய்க்கரைத் தெருவின் கடைசியில் ஒன்றும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லாததையும் அவன் ஒழுங்காகப் படியெடுத்தான்.

இந்த இடத்தில்தான் என் பாத்திரம் எனக்குக் கைகொடுக்க மறுக்கிறது. மேசையில் பென்சில் இருந்திருக்கிறது. ஒரு சின்னக் கட்டம் போட்டு 'அன்னத்தாய்' என்று எழுதியிருந்தால் போதும். ஏன் போடவில்லை என்று கேட்டேன். "திருத்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாவ சார்" என்றான். நான் நம்பவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் ஒருத்தி அவனுடைய வரைபட முறையை மதிக்காமல் எழுந்துபோனது அவனுக்குச் சுட்டிருக்கும். அவளே வேண்டாம் என்றாள், எனக்கென்ன என்று நினைத்திருப்பான். இதை அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. அவன் நல்லவன்தான். ஆனால் நல்லவனாக இருப்பதற்கு விதிமுறையில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இருக்கிற நல்லவன்.

சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். சார்ட்டைச் சுவரில் மாட்டினார்கள். தாமரைப் பூவை மெச்சினார்கள். அவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கால்வாய்க்கரைத் தெருவின் கடைசியில் விரலை வைத்தார்.

"இந்த இடத்தை மக்கள் ஏன் காலியா விட்டிருக்காங்க?"

கோமதிசங்கர் வாயைத் திறந்தான். தாணுமாலையன் முந்திக்கொண்டார்.

"பொதுப் பயன்பாட்டுக்குங்க சார். மக்களே ஒதுக்கியிருக்காங்க."

அதிகாரி உருகிவிட்டார். சொந்த வீட்டுக்கே இடமில்லாத மக்கள் பொதுவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, இதல்லவா பங்கேற்பு. அங்கேயே ஒரு சமுதாயக் கூடம் கட்ட ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார். புறம்போக்கு நிலம், பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லை. கூடத்துக்கு அடிக்கல் நாட்டத் தை மாதம் நாள் குறித்தார்கள்.

கோமதிசங்கர் மறுநாள் தாணுமாலையனின் அறைக்குள் போனான்.

"சார், அங்கன ஒரு வீடு இருக்கு சார்."

"படத்துல இல்லையே."

"ஆளு இருக்காவ சார். அன்னத்தாயும் மாமியாரும்."

"என்னவே இப்ப வந்து சொல்லுதீரு? மக்கள் படம்லா அது. நானா வரைஞ்சேன்?" தாணுமாலையன் சுவரிலிருந்த சார்ட்டைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எதிலும் ஒரு திட்டத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். "ஒண்ணு செய்யும். சார்ட்டைத் தூக்கிட்டுப் போயி, அந்த அம்மாளையே வீட்ட வைக்கச் சொல்லும். அவ கையால. கருப்பு ஒட்டட்டும். கூடத்த வேற இடத்துக்கு மாத்திருவோம், கான்கிரீட் வீடும் முதல்ல அவளுக்குத்தான். வெள்ளத்துல புருஷன இழந்தவ, மக்கள் வரைபடத்தால மீண்டவ. ரிப்போர்ட்டுக்கு அருமையான கதை. எழுதுததுக்கு ஒரு ஆளும் கைவசம் இருக்காரு."

"சிவப்பு ஒட்டுனா சார்?"

"புருஷன் இருக்கவளுக்கு நாம என்னத்துக்கு வீடு கட்டணும்?"

கைவசம் இருந்த அந்த ஆள் நான்தான்.

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

முடிவு அ. அன்னத்தாய் கருப்பு ஒட்டுகிறாள். வீடு எழும்புகிறது. புதுக் கதவருகே நின்று சிரிக்கிறாள், நெற்றியில் ஒன்றுமில்லாமல். [தாணுமாலையனுக்குப் பிடித்தது. போட்டோவுக்கு இடம் விட்டிருக்கிறேன். சிரிப்பை எழுதும்போது மட்டும் பேனா ஓடவில்லை. அவளை யார் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்துவிட்டதால்.]

முடிவு ஆ. அன்னத்தாய் சார்ட்டைக் கிழித்தெறிகிறாள். பெண்கள் திரள்கிறார்கள். கால்வாய்க்கரை முழங்குகிறது. [சிற்றிதழ் நடத்தும் நண்பர் கேட்டது. அன்னத்தாய் எதையும் கிழிக்கிறவள் இல்லை. அந்தப் பெண்கள் திரண்டதும் கருப்புப் பொட்டுக்கு மட்டும்தான்.]

முடிவு இ. அடிக்கல் நாட்டும் நாளில் பேருந்திலிருந்து சிவசைலம் இறங்கி வருகிறான். அன்னத்தாய் அவனைப் பார்த்து, "எங்கன போயிருந்திய?" என்று கேட்கிறாள். அவன்

[அவன் பதிலை எழுத நாலு நாள் உட்கார்ந்தேன். செத்தவன் எழுந்து வந்தால்கூட ஒரு பதில் சொல்லிவிடலாம். வள்ளியூர் மண்டியில் முகத்தைத் திருப்பியவன் என்ன சொல்வான்?]

மூன்றையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கோமதிசங்கர் இரண்டு பாக்கெட்டோடு நிற்கிறான், நான் மூன்றோடு நிற்கிறேன். வேறு வித்தியாசம் இல்லை.

8

இனி வருவது நான் எழுதியது இல்லை. நடந்தது. கோமதிசங்கர் சொன்னபடி வைக்கிறேன்.

மார்கழியில் ஒரு காலைப்பொழுது. ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோமதிசங்கர் அன்னத்தாயின் வீட்டுக்குப் போனான். கரைந்த சுவர்ப்பக்கம் முப்பிடாதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து சார்ட்டை விரித்தான். நாலு மூலையிலும் கல் வைத்தான். புதுத் தீப்பெட்டியை எடுத்து வைத்தான். சமுதாயக் கூடத்தைப் பற்றி, தை மாதத்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னான். அன்னத்தாய் நின்றபடியே கேட்டாள்.

"ஒரே ஒரு கருப்புக்கா. ஒட்டிட்டியன்னா எல்லாம் சரியாயிரும்."

"எது சரியாயிரும் சார்?"

"வீடு."

"அவிய?"

கோமதிசங்கர் தலையைக் குனிந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் கையிலிருந்த பாக்கெட்டுகளை அப்போதுதான் பொட்டு என்று பார்த்தான். அட்டையில் ஒரு சினிமாக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்னத்தாய் உட்கார்ந்தாள். கோபமில்லாமல் பைய பேசினாள்.

"செத்துட்டாவன்னு ஒருநாளும் நான் நெனச்சதில்ல. வருவாவன்னும் நெனைக்கல. இப்படியே இருந்துட்டேன். கஷ்டந்தான், ஆனா பழகிட்டு. நீங்க வந்து ரெண்டுல ஒண்ணச் சொல்லுன்னு நிக்கிய. செத்துட்டாவன்னு சொல்லி வாங்குத வீட்டுல நான் எப்படி சார் கண்ண மூடுவேன்? இருக்காவன்னா, எங்கன இருக்காவ, ஏன் வரலன்னு ஊரு கேக்கும். என்னன்னு சொல்ல?"

"எனக்குப் புரியுதுக்கா."

"புரிஞ்சா இந்தப் படத்துல நீங்களே ஒரு கட்டம் போட்டிருப்பிய."

[நானும் அவனிடம் இதைத்தான் கேட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவள் எனக்கு முந்தியே கேட்டிருக்கிறாள்.]

முறத்தின் சத்தம் நின்றிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. முப்பிடாதி எழுந்து வந்து சார்ட்டின் பக்கத்தில் குந்தினாள்.

"அந்தக் கருப்ப இங்கன தா."

"அத்தை" என்றாள் அன்னத்தாய்.

"நீ சும்மா இரிட்டி."

"ஆத்தா, வீட்டுத் தலைவிதான் ஒட்டணும்னு விதி" என்றான் கோமதிசங்கர். இதைச் சொன்னதற்காக அவன் இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறான்.

"பெத்தவ நானு. இருக்கான், இல்லங்கதுக்கு என்னைய விட ஆருய்யா இருக்கா? தா."

அவள் விரலுக்கு அட்டையிலிருந்து பொட்டைப் பிரித்தெடுக்க வரவில்லை. தடித்த விரல், அது வழுக்கி வழுக்கிப் போனது. கோமதிசங்கர் அதை உரித்து அவள் விரல்நுனியில் வைத்தான். அவள் அதைத் தீப்பெட்டியின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள்.

"எம் மவன் செத்துட்டான். சொன்னது நான். இவ சொல்லல. அதுனால இவ நெத்தியில இருக்கது இருக்கும். ஒரு பயலும் கேக்கப்பிடாது. எழுதிக்கோ."

தீப்பெட்டியைத் தூக்கிக் கால்வாய்க்கரைத் தெருவின் கடைசியில், காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தாள். பிறகு போய் முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். முறத்தைத் தூக்கவில்லை. அரிசிக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாள்.

தெருமுனையில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். வேறு ஊருக்கும் போக வேண்டும்.

அன்னத்தாய் தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். பொட்டின் விளிம்பில் சுட்டுவிரல் நகத்தை வைத்தாள்.

கோமதிசங்கர் இந்த இடம் வரைதான் சொன்னான். அதற்கு மேல் கேட்டேன். "அதை மட்டும் கேக்காதீய சார்" என்றான். தாணுமாலையன் அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும் என்று தினமும் ஆளனுப்புகிறார். முடிவு அ, ஆ, இ மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். நாலாவதாக ஒன்று எழுத எனக்கு உரிமை இல்லை.

நகம் பொட்டின் விளிம்பில் இருக்கிறது. உரித்தால், இரண்டு பேருக்கும் தை மாதத்துக்குப் பிறகு கூரை இல்லை. விட்டால், அந்தக் கிழவி சொன்னது சொன்னதுதான். இரண்டில் எதையும் நீங்கள் சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அன்னத்தாயைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அரிசியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.